பிள்ளையாரைத் தவிர வேறு யானை வேண்டாம்

உ
சிவமயம்

வெம்பிளி,
22.1.95

என் அன்பு மகன் பாலேந்திராவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகள் இருவரும் அந்த நியூ ஜேர்சிக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் சுகம். அப்பாவின் நெஞ்சு சுகம், நடக்கிறார், மாடிப்படி ஏறுகிறார், உப்பைக் குறையுங்கள் என்று சொல்லும்போது மட்டும் காது கேளாதவர் போல இருக்கிறார். என் முழங்கால் பழையபடிதான். சின்னவள் மலர் சுகம், கலியாணப் பெண் என்ற நினைப்பில் சமையலறைப் பக்கமே வருவதில்லை. இந்த வீட்டில் சுகமில்லாமல் கிடப்பது போன் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அது அடித்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடுகிறது. முதலில் நீ எடுத்து வதனாவைப் பற்றிச் சொல்கிறாய், நீ வைத்த போன் சூடு ஆறமுதல் அவள் எடுத்து உன்னைப் பற்றிச் சொல்கிறாள், அமெரிக்காவில் யார் வென்றார்கள், யார் தோற்றார்கள், எந்தச் சட்டத்தை யார் மறித்தார்கள் என்று வெம்பிளியில் இருக்கிற எனக்கு இரண்டு பேரும் மாறி மாறிப் பாடம் நடத்துகிறீர்கள், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துப் போகிறது. அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிற அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் கதைக்க வேண்டியதைக் கடல் தாண்டி வந்து என் காதுக்குள் கொட்டினால் நான் என்ன செய்ய? போனில் நான் வாயைத் திறந்தால் நீ இடையில் மறிப்பாய், அவள் இடையில் அழுவாள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் மறிக்க ஏலாது. முழுவதையும் வாசி, மருமகளுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் கலியாணச் செய்தி. ஈஸ்டர் கழிந்து வருகிற சனிக்கிழமைக்கு இங்கே பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூட மண்டபம் கிடைத்துவிட்டது. அது பிள்ளைகள் விளையாடும் மண்டபம், சுவரில் கூடைப்பந்து வளையம் தொங்குகிறது, மணவறையை அதற்குக் கீழே வைத்தால் படத்தில் தலைக்கு மேலே வளையம் விழும் என்று மலர் கண்ணைக் கசக்குகிறாள். அதை வாழையிலையால் மறைக்கலாம் என்று அப்பா சொல்கிறார், ஏப்ரல் மாதத்து லண்டனில் அவ்வளவு உயரமான வாழையை எங்கே தேடுவது என்று அவர் சொல்லவில்லை. கார்ட் அடித்து வந்துவிட்டது, அழகாக இருக்கிறது. அடிப்பது பெரிய வேலையில்லை, கொடுப்பதுதான் வேலை. நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, வீடு தேடிப் போய், உள்ளே இருந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு கையாலும் கார்ட்டை நீட்டி, குடும்பத்தோடு வந்து நடத்தித் தரவேண்டும் என்று வாயால் சொன்னால்தான் அது சொன்ன கணக்கு. அந்த விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, சனி ஞாயிறுகளில் அப்பாவையும் இழுத்துக்கொண்டு சவுத்தாலுக்கும் இல்ஃபோர்ட்டுக்கும் ஈஸ்ட் ஹாமுக்கும் ஓடுகிறேன். ஒரு வீட்டில் வடை, மற்ற வீட்டில் கேக், அப்பாவுக்கு எதுவும் கூடாது, எல்லாவற்றையும் சாப்பிட்டார். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி பாஸ்கரன் குரொய்டனில் இருக்கிறார் அல்லவா, அவ்வளவு தூரம் போகக் களைத்து அவருக்கு மட்டும் கார்ட்டைத் தபாலில் போட்டேன். கார்ட் போய்ச் சேர்ந்த அன்றைக்கே போன் வந்தது, என்னைத் தபால் முத்திரையோ வந்து கூப்பிடுறது, அப்ப முத்திரையையே கலியாணத்துக்கு இருத்துங்கோ எண்டு. அடுத்த கிழமை ரயில் மாறி மாறிப் போய், அவருடைய சோபாவில் இருந்து, அவருடைய மனிசி தந்த பாயசத்தையும் குடித்து, வாயால் சொன்ன பிறகுதான் மனிசன் சிரித்தார். இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்று பிறகு உனக்கு விளங்கும்.

இனி உன் டைக்கு வருகிறேன். போன ஆவணியில் கலியாணப் பேச்சை முற்றாக்கவென்று நீ லீவு போட்டு வந்தாய், எல்லாருமாக இல்ஃபோர்ட்டுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். நல்ல கோட், சிவந்த டை, அந்த டை முழுவதும் குட்டிக் குட்டி யானைகள். அது உன் குடியரசுக் கட்சியின் சின்னம், கட்சிக்காரர் விருந்தொன்றில் தந்தார்கள் என்று ரயிலில் சொல்லிக்கொண்டு வந்தாய், நான் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு இருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் அப்பா கண்டார். உன்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு அதைக் கழற்றிப் பைக்குள் வை என்று சொன்னார். நீ மாட்டேன் என்றாய். வதனா போனில் அப்பாவுக்கு ஓதி வைத்திருக்கிறாள், அப்பாவும் அவளுடைய கட்சிக்குப் போய்விட்டார் என்று நீயே ஒரு முடிவு கட்டிக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாய். அட மகனே, உன்னுடைய அமெரிக்கக் கட்சி கறுப்பா சிவப்பா என்று அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் கண்டது யானையை. இலங்கையில் யானை எந்தக் கட்சியின் சின்னம், எண்பத்து மூன்றில் ஆட்சியில் இருந்தது யார் என்று உனக்கு நான் எழுதித் தரவேண்டுமா? மாப்பிள்ளையின் தகப்பன் சிவானந்தன் அண்ணையின் வெள்ளவத்தைக் கடை அந்த ஆடி மாதக் கலவரத்தில் எரிந்து போனது உனக்குத் தெரியாததா? அதற்கு முந்திய தேர்தலில் அவருடைய கடைச் சுவரில்தான் யானைப் படத்தைப் பெரிதாக ஒட்டிவிட்டுப் போனார்களாம், வாக்குக் கேட்க வந்தபோது அண்ணை அண்ணை என்று கையைப் பிடித்தார்களாம், பிறகு அந்தப் படத்தோடு சேர்த்துத்தான் சுவர் எரிந்தது என்று அவர் சொல்வார். அந்த மனிசனுக்கு முன்னால் நீ கழுத்தில் யானைக் கூட்டத்தைக் கட்டிக்கொண்டு இருந்து உன் ஆஸ்பத்திரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை, உன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எடுத்த வடை கையிலேயே இருந்தது. இவ்வளவு படித்த டொக்டருக்கு அது கண்ணில் படவில்லை.

பிறகு நடந்ததில் வதனா பகிடியாகச் சொன்ன பாதிதான் உனக்குத் தெரியும், மற்றப் பாதியை நான் சொல்கிறேன். நீ விமானம் ஏறின பிறகு சிவானந்தன் அண்ணை தன்னுடைய மனிசியைக் கொண்டு எங்களுக்குச் சொல்லியனுப்பினார், யானைக்காரர் வீட்டிலை பொம்பிளை எடுக்கத் தனக்கு மனம் ஏவுதில்லை எண்டு. மலர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. அப்பாவுக்கு ஒப்பரேஷனில் நெஞ்சில் வெட்டின காயம் அப்போதுதான் ஆறிக்கொண்டு வந்த நேரம், டொக்டர் தூரம் போகவேண்டாம் என்று சொன்னதையும் கேட்காமல் தனியே ரயில் ஏறி இல்ஃபோர்ட்டுக்குப் போனார். அது வேறை யானை அண்ணை, அது அமெரிக்க யானை, எங்கடை யானைக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை எண்டு படித்துப் படித்துச் சொன்னாராம். எந்தக் காட்டு யானையெண்டாலும் எனக்கு அதைக் கண்டவுடனை நெருப்பு மணக்குது செல்வரத்தினம் எண்டு அவர் சொன்னாராம், சொல்லிவிட்டு அழுதாராம். இரண்டு கிழவர்களும் இருந்து அழுதுவிட்டு, பிறகு சாப்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் சிவானந்தன் அண்ணை இறங்கி வந்தார், நல்ல மனிசன், ஒரு நிபந்தனைதான் போட்டார், கலியாண மண்டபத்துக்குள் பிள்ளையாரைத் தவிர வேறு யானை வரக்கூடாது. அப்பா ஒப்புக்கொண்டுவிட்டு வீட்டுக்கு வந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா, பாலாவுக்கு இதைச் சொல்லாதை, அவன் கூசிப்போவான் எண்டு. நீ எதிர்க்கட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிற அப்பா இவர்தான்.

நானும் அப்பாவும் உனக்குச் சொல்லவில்லை, மலர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வதனாவுக்குச் சொல்லிவிட்டாள். அவள் அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டுத் தாங்ஸ்கிவிங் சாப்பாட்டு மேசையில் தன்னுடைய வேலையிடத்துச் சிநேகிதர்களுக்கு முன்னால் பகிடியாக்கியிருக்கிறாள். அது அவளுடைய பிழை, அவளுக்கும் நான் நன்றாக ஏசித்தான் எழுதுகிறேன், நீ சந்தோஷப்படாதே. அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ ஒரு கதை சொல்கிறாய், அவள் ஒரு கதை சொல்கிறாள், நான் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறேன். அந்த மாதம்தான் உங்கள் தேர்தல் முடிந்தது. நாங்கள் வென்றுவிட்டோம், இரண்டு சபையும் எங்களுடையது என்று நீ வந்ததும் வராததுமாகத் தொடங்கியிருக்கிறாய், நீங்கள் எப்ப அண்ணா தேர்தலிலை நிண்டனீங்கள் எண்டு அவள் கேட்டாளாம். அங்கிருந்துதான் யானை டைக் கதை வந்தது, எல்லாரும் சிரித்தார்கள், உனக்கு முகம் சிவந்தது. அதோடு விட்டீர்களா, வரியில் தொடங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், அகதிகளுக்கு வந்து, உழைக்கிறவனின் காசில் நீ புண்ணியம் தேடுகிறாய் என்று நீ சொல்ல, உள்ளே வந்தவுடன் பின்னால் வருகிறவனுக்குக் கதவைச் சாத்துகிறவன் என்று அவள் சொல்ல, வந்திருந்த வெள்ளைக்காரர் எல்லாரும் வீட்டுக்குப் போகத் தங்கள் தங்கள் கோட்டைத் தேடியிருக்கிறார்கள். அதுவரைக்கும்கூட நான் பொறுப்பேன். ஆனால் கோபித்துக்கொண்டு எழும்பினவன், நீங்கள் கொண்டுபோன ஆட்டிறைச்சிக் கறியைச் சட்டியோடு திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தாயே, அதை நான் யாரிடம் சொல்ல? எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கோபக்காரர்கள் நிறைய உண்டு, வேலி பிரித்தவர்கள் உண்டு, வழக்குப் பேசினவர்கள் உண்டு, கொண்டுபோய்க் கொடுத்த கறியை மேசையிலிருந்து திருப்பித் தூக்கினவன் நீ ஒருவன்தான். காரில் வழி நெடுகக் குழம்பு தளும்பி மருமகளின் சேலையில் ஊற்றினதாம். வதனா மட்டும் குறைந்தவளா, உன் பிள்ளைகள் அவளுடைய வீட்டில் விட்டிருந்த நீச்சல் உடுப்புகளைத் தோய்த்து மடித்துப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பினாளாம். அரை மணி நேரத் தூரத்துக்குத் தபால். என்ன கோதாரி பிடித்த நாடு அது என்று நான் கேட்டேன், நாட்டைப் பிழை சொல்லாதை, பிள்ளையளைச் சொல்லு எண்டார் அப்பா.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, ஆனால் இரண்டு பேரும் என் காதுக்குள் கொட்டினதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்குகிறது. அரசாங்கம் பெருத்தால் மனிசனை நசித்துவிடும் என்று நீ சொல்கிறாய். நீ ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். நல்ல புள்ளி எடுத்திருந்தும் தமிழ்ப் பிள்ளை என்பதால் கம்பசில் டொக்டர் படிப்புக்கு எடுபடாமல், மறுமொழி வந்த அன்றைக்கு நீ கிணற்றடியில் குந்தியிருந்ததை நான் பார்த்தேன், அரசாங்கத்தை நம்பக் கூடாது என்று அன்றைக்கே நீ படித்துவிட்டாய். கஷ்டப்பட்டவனை அரசாங்கம் தாங்க வேண்டும் என்று அவள் சொல்கிறாள். அவளை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு வரும்போது சின்னப் பிள்ளை, கவுன்சில் தந்த அறையில் இருந்து, அரசாங்கம் தந்த பெனிபிட் காசில் வாங்கின சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சும்மா தந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தாள், அவள் அதைத்தான் படித்தாள். ஒரே குடும்பம், ஒரே ஓட்டம், நீ பின்னால் விரட்டினவனைப் பார்த்துக்கொண்டு ஓடினாய், அவள் முன்னால் கதவைத் திறந்தவனைப் பார்த்துக்கொண்டு ஓடினாள். இரண்டும் நடந்ததுதானே. இதில் யார் பொய்க்காரர்? நீ அப்படியென்ன கல்நெஞ்சுக்காரனா, காசில்லாமல் வருகிற ஆட்களை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா பார்த்து மருந்து கொடுக்கிறாய் என்று மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், உன் கட்சிக்காரருக்கு முன்னால் அதைச் சொல்ல வெட்கப்படுகிறாய் போலிருக்கிறது. அவளும் ஏழை எளியதுக்காக ஓடித் திரிகிறாள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரி முற்றத்தில் மற்றக் கட்சிப் பலகையை நட்டாள் என்பதற்காக அந்த மனிசிக்குக் காலை வணக்கம் சொல்வதில்லையாம். அவளுடைய ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை சின்னமாம், காரின் பின்னால் கழுதை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாளாம். சின்ன வயதில் ஒரு தடவை கழுதை என்று நான் ஏசினதற்குச் சாப்பிடாமல் கிடந்தவள். உங்கள் யானையும் கழுதையும் ஒரே தலைநகரத்தில், ஒரே கட்டடத்துக்குள் இருந்து ஒருவருக்கொருவர் மறுமொழி சொல்லிக்கொண்டுதானே இருக்கின்றன? அவர்களுக்கு இருக்கிற பொறுமை உங்களுக்கு இல்லை.

எங்களுக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். தொண்ணூற்றிரண்டில் இங்கே தேர்தல் வந்தபோது நானும் அப்பாவும் சேர்ந்துதான் வாக்குப் போடப் போனோம், மழை, ஒரு குடைக்குள். அப்பா லேபர் கட்சிக்குப் போட்டார். நான் மற்றப் பக்கத்துக்குப் போட்டேன். ஏன் என்று திரும்பி வரும்போது கேட்டார். அந்தக் கட்சிக்காரப் பெண்பிள்ளை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து இருந்து, என் முழங்காலைப் பற்றி விசாரித்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் போனாள், வீட்டுக்கு வந்து கேட்டவளுக்கு நான் போட்டேன், உங்களுடைய ஆட்கள் கதவு இடுக்கால் துண்டுப் பேப்பரைத் தள்ளிவிட்டுப் போனார்கள் என்றேன். நடுத்தெருவில் குடையை என் பக்கமிருந்து எடுத்துக்கொண்டார். இரண்டு எட்டுப் போனதும் நான் நனைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பிடித்தார். இன்றைக்கும் அதைச் சொல்லி ஏசுவார், ஏசிக்கொண்டே முழங்காலுக்கு எண்ணெய் போட்டு விடுவார். இதற்கு மேலே கட்சி வேறுபாட்டை எப்படி வைத்திருப்பது என்று எனக்குத் தெரியாது. என்னோடு வேலை செய்கிற மன்னார்க்காரி பியற்றிஸிடம் உங்கள் கதையைச் சொன்னேன், உங்கடை பிள்ளையளுக்கு நேரம் மிஞ்சிப்போச்சு அக்கா, எனக்குத் தலை சொறிய நேரமில்லை எண்டாள்.

பகிடியை விடுகிறேன், மனம் விட்டுச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பொங்கலுக்குப் போன் எடுத்தபோது உன் மகளிடம், வதனா மாமி வீட்டுப் பிள்ளைகளோடு பொங்கல் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். எட்டு வயதுப் பிள்ளை, அவை டெமோகிரட் அப்பம்மா, நாங்கள் இப்ப போறேல்லை எண்டு சொன்னாள். அவர்களுக்குக் கொப்புளம் போட்டு அம்மாள் வருத்தம் கண்டிருக்கிறது, கிட்டப் போகக்கூடாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். வேறு ஆட்கள் எங்களைப் பிரித்தது போதாதா? மச்சாள்மார் சண்டை பிடிக்கலாம், மயிரைப் பிடித்து இழுக்கலாம், மறுநாள் சேரலாம், அதற்கு ஒரு பொம்மையோ மாபிளோ காரணமாக இருக்க வேண்டும். நாலு வருசத்துக்கு ஒருக்கால் மாறுகிற ஆட்களுக்காக நீங்கள் சாகும் வரைக்கும் மாறாத சொந்தத்தை விடுகிறீர்கள். அப்பா இதையெல்லாம் கதைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு போனும் வந்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பார், ஏன் என்று கேட்டால், ரண்டும் சேர்ந்து ஒரு வீட்டிலையிருந்து எடுக்கிற நாள் முந்தி இருந்ததெல்லோ எண்டு சொல்லிவிட்டு எழும்பிப் போவார். அந்த நெஞ்சைத்தான் இங்கே ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு யார் காசு கொடுத்தது என்பதைப் பற்றியும் நீங்கள் இருவரும் சண்டை பிடித்தீர்கள், வந்து பார்த்த நீயே நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று சொன்னாய், அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய நெஞ்சு ஒரு கட்சிக்கும் சாட்சி சொல்ல வேண்டாம், அது பேசாமல் அடித்துக்கொண்டிருந்தால் எனக்குப் போதும்.

இப்போது கலியாணத்துக்கு என்ன செய்வது? அவள் வந்தால் கலியாண வேலை முடிந்ததும் ஹோட்டலுக்குப் போய்விடுவேன் என்று நீ சொல்கிறாய். அண்ணா மன்னிப்புக் கேட்காவிட்டால் தான் வரவே மாட்டேன் என்று அவள் சொல்கிறாள். முறை உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது பெண்ணின் சகோதரன்தான் தோழனாகச் செம்போடு நின்று கால் கழுவி, மோதிரம் வாங்கி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும், பிறகு அக்கினிக்கு முன்னால் தங்கையின் கையில் பொரி போடவேண்டும். மலருக்கு இருக்கிற ஒரே சகோதரன் நீ. ஆலத்தி எடுக்க இருக்கிற ஒரே அக்கா அவள். இரண்டும் ஒரே வாசலில், ஒரே நேரத்தில், கைக்கெட்டின தூரத்தில் நின்று செய்கிற வேலை. நீ குனிந்து கால் கழுவும்போது அவளுடைய ஆலத்தித் தட்டு உன் தலைக்கு மேலே இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அதைச் செய்தால் பார்த்துக்கொண்டு நிற்கிற சிவானந்தன் அண்ணை என்ன நினைப்பார், யானை தன்னுடைய கடையை எரித்தது, இந்த வீட்டிலும் புகுந்துவிட்டது என்றுதானே நினைப்பார்? மலர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளைப் பெடியனிடம் சொல்லியிருக்கிறாள், என்ரை அண்ணாவும் அக்காவும் சேர்ந்து நிக்காட்டில் கலியாணத்தைத் தள்ளிப் போடுவம் எண்டு. அந்தப் பெடியன்தான் வந்து எனக்குச் சொன்னான். உங்கள் சண்டைக்கு விலை கொடுக்கப்போவது அவள்தான், ஒரு கட்சிக்கும் வாக்குப் போடாத அவள்.

ஆகையால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், அப்பாவும் சம்மதம். இந்த உறைக்குள் ஒரு கார்ட் இருக்கிறது. எங்களுக்கு வந்த கார்ட் என்று பிரித்துவிடாதே, அது உனக்கில்லை. மேலே அப்பா தன் கையால் எழுதியிருக்கிறார், சந்திரவதனா குடும்பத்தினர் என்று. உன் பெயர் எழுதின கார்ட் இன்றைக்கு இதே தபாலில் வதனாவுக்குப் போகிறது. அம்மாவுக்கு வயது போய்விட்டது, உறையை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைக்காதே. பெண் வீட்டார் நேரே வந்து வாயால் சொன்னால்தான் சொன்ன கணக்கு, எனக்கும் அப்பாவுக்கும் அமெரிக்காவுக்கு வந்து சொல்ல ஏலாது, அங்கே பெண் வீட்டார் என்று இருப்பது நீங்கள் இரண்டு பேரும்தான். அவளுக்கு நீ போய்ச் சொல்ல வேண்டும், உனக்கு அவள் வந்து சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. தபாலில் போட்டால் பாஸ்கரன் கதைதான். கதவைத் திறந்தவுடன் கையில் திணித்துவிட்டு ஓடிவரவும் கூடாது, உள்ளே போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு கையாலும் நீட்டிச் சொல்ல வேண்டும். யார் முதலில் போவது என்று என்னைக் கேட்காதே, அதற்கும் ஒரு தேர்தல் வைக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி நான் ஒருவரையும் கேட்கவில்லை, கலியாணத்துக்குச் சொல்லத்தான் கேட்கிறேன். முறையாகச் சொல்லப்படாமல் வருகிறவர் என் பிள்ளையானாலும் வாசலில் செம்பு பிடிக்க விடமாட்டேன், பியற்றிஸின் மகனைக் கூப்பிட்டு நிறுத்துவேன், வேதக்காரப் பெடியன் தோழனாக நின்றான் என்று வெம்பிளி முழுவதும் சிரிக்கட்டும், பழி உங்கள் இருவருக்கும்தான்.

வருகிறபோது பிள்ளைகளுக்குத் தடித்த உடுப்புக் கொண்டு வாருங்கள், ஏப்ரல் என்று நம்ப ஏலாது. ஹோட்டல் ஒன்றும் எடுக்காதே, மேல் அறை உங்களுக்கு, பக்கத்து அறை வதனாவுக்கு, நடுவில் சுவர் மெல்லியது, ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும், அது நல்லதுதான். நல்ல டை ஒன்று கொண்டு வா, பூப் போட்டதோ கோடு போட்டதோ எதுவானாலும் சரி, நாலு காலுள்ளது ஒன்றும் வேண்டாம். உனக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என்னுடையதும் அப்பாவினதும் ஆசீர்வாதம், அம்மன் எல்லாருக்கும் துணையிருந்து நோய்நொடி இல்லாமல் காக்க வேண்டும். மறந்துவிடாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வதனா வீட்டுக்குப் போகும்போது அந்த ஆட்டிறைச்சிச் சட்டியையும் கொண்டு போ, வெறும் சட்டியாகக் கொண்டு போகாதே.

இப்படிக்கு,
உனக்கும் வதனாவுக்கும் மலருக்கும் ஒரே அம்மா,
தவநாயகி செல்வரத்தினம்